கொசுறு போடாத கை

திருவொற்றியூரில் எங்கள் தெரு முனையில் தொடங்கி ரயில்வே கேட் வரைக்கும் போகிற மார்க்கெட்டில் எட்டு வருடமாக எனக்கு ஒரே பெயர்தான். டீச்சரம்மா. நான் டீச்சர் இல்லை. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். அட்மிஷன் ரெஜிஸ்டர், மாற்றுச் சான்றிதழ், பெயர்த் திருத்தம், இவற்றோடு மாரடிப்பவள். முதல் வருடம் முழுக்க எல்லோரையும் திருத்திப் பார்த்தேன். "ஸ்கூல்ல தானே கீற? அப்ப டீச்சர்தான்" என்று மீன்கார அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

தாம்பரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அந்த வயதில் ஊர் மாறினால் எதுவும் பிடிக்காது. லாரி பிடிக்கவில்லை, மொட்டை மாடியில் காயப்போட்ட துணியில் படியும் கரி பிடிக்கவில்லை, காற்று திரும்பினால் வரும் வாடை பிடிக்கவில்லை. கணவருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அவர் தூங்குகிற நேரம் ஊர் விழித்திருக்கும். அதனால் மார்க்கெட் என் தலையில் விழுந்தது. சனி, ஞாயிறு காலையில் பையைத் தூக்கிக்கொண்டு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு போவேன்.

மீன்கார அக்காவிடம் முதல் நாளே சண்டை. கூடையில் இருந்த இறாலில் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். அவள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள்.

"மோந்து மோந்து பாக்கறதுக்கு இது இன்னா மல்லிப்பூவா? காலைல அஞ்சு மணிக்கு உசுரோட இருந்துச்சு. இஸ்டம் இருந்தா வாங்கு, இல்லாங்காட்டி நவுந்துக்கோ, பின்னால ஆளு நிக்குது."

நான் நகர்ந்துவிட்டேன். இரண்டு கடை தள்ளிப் போய் வேறு ஒருத்தியிடம் இறால் வாங்கி, வீட்டில் வந்து பார்த்தால் பாதி தலை கழன்று கிடந்தது. அடுத்த வாரம் மானம் கெட்டுப் போய் அவள் முன்னால் நின்றேன். அரைக் கிலோ நிறுத்துப் போட்டுவிட்டு, ஒரு பிடி பொடி இறாலை அள்ளி என் பைக்குள் எறிந்தாள். "கத்திரிக்காய்ல போடு" என்றாள். அந்தப் பிடிக்குத்தான் கொசுறு என்று பெயர். அவளிடம் வாங்கிய ஒரு நாளும் அது தப்பியதில்லை.

அவள் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். மார்க்கெட்டில் மற்ற மீன்காரிகள் காசிமேட்டில் ஏலம் எடுத்து வந்து விற்பார்கள். இவள் விற்றது முழுக்க அவள் வீட்டுக்காரர் பிடித்தது. வலை, படகு எதுவும் கிடையாது. எண்ணூர்க் கழியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, அடிச்சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடிப்பவர் அவர். பிடித்ததை வாயில் கடித்துத் தொங்கவிட்ட பறி என்கிற ஓலைக்கூடையில் போட்டுக்கொள்வார். ஒருநாள் மனைவிக்குக் குடை கொடுக்க மார்க்கெட்டுக்கு வந்தார். விரல் நுனிகளில் தோல் என்று சொல்ல ஏதும் இல்லை. சேற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் சேரச் சேர, உடைந்த சிப்பியும் கம்பித் துண்டும் சேரச் சேர, தடவும் கை என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்து அவர் கையை லுங்கிக்குள் மறைத்துக்கொண்டார்.

அக்காவுக்குப் பக்கத்து இடம் கீரைக்கார அம்மாவுடையது. மாத்தூர்ப் பக்கம் யாருக்கோ சொந்தமான ஒரு காலி மனையில், இரண்டு லாரி ஷெட்டுக்கு நடுவே கீரை போட்டு, விடிவதற்குள் அறுத்துக் கொண்டுவருவாள். எழுபதை நெருங்கிய உடம்பு, இடி மாதிரி குரல். தன் சரக்கைத் தானே குறை சொல்லி விற்கிற ஒரே வியாபாரியை நான் அவளிடம்தான் கண்டேன். "எங்க கீர, மூணு தண்ணில கயுவணும். கயுவ சோம்பேறித்தனமா இருந்தா வாங்காத" என்பாள். கழுவினால் முதல் தண்ணீர் கறுப்பாகத்தான் போகும். அதற்காக நான் அவளிடம் கோபித்ததில்லை. உண்மையைச் சொல்லி விற்பவளிடம் எப்படிக் கோபிப்பது?

ஒரு வருடம் மழை வெள்ளத்தோடு கழிக்குள் ஆலை எண்ணெய் வந்தது. அந்த மாதம் அக்கா ஒரு இறால் கூட விற்கவில்லை. பிடித்தாலும் அவளே விற்கமாட்டாள். "மண்ணெண்ண நாத்தம் அடிக்குது. இத்த துன்னுட்டு உனுக்கு எதுனா ஆனா எம் மூஞ்சிலதான் முயிப்ப" என்றாள். ஆனாலும் தினமும் வந்தாள். வெறும் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு, விரித்த சாக்கில் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. விற்க ஒன்றும் இல்லையென்றால் வீட்டில் இருந்து ஓய்வெடுக்கலாமே என்று கேட்டேன்.

"இடம் காலியா கெடக்கக் கூடாதும்மா" என்றாள். "ரெண்டு நாளு சாக்கு இல்லன்னா மூணாவது நாளு வேற எவனாச்சும் குந்திக்கினு இருப்பான்."

அப்படித்தான் அந்த மார்க்கெட்டின் சட்டம் எனக்குத் தெரியவந்தது. அங்கே யாருக்கும் பட்டாவும் இல்லை, பெயர் போட்ட ரசீதும் இல்லை. உட்கார்ந்திருப்பதுதான் பத்திரம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால், சாவு என்றால், அவள் சாக்கை அடுத்த இடத்துக்காரி விரித்துவைப்பாள். அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஒரு கூறு காயோ மீனோ அதன் மேல் வைப்பார்கள். அதை விற்க ஒரு ஆளை உட்கார வைப்பார்கள். விற்ற பணம் வராதவளுக்குப் போகும். இதற்கு "ஆள் வைக்கிறது" என்று பெயர். உட்கார்ந்திருப்பவளிடம் வெளியாள் எவனாவது வந்து "இது யார் இடம்" என்று கேட்டால் அவள் "நம்ம இடம்தான்" என்று சொல்ல வேண்டும். வேறொருத்தியுடையது என்று சொன்னால் இடம் தளர்ந்துவிடும். அங்கே அது பொய் என்று கருதப்படாது. அதுதான் காவல்.

அந்த வேலைக்கென்றே ஒருத்தி இருந்தாள். பூண்டு உரித்துச் சின்னச் சின்னப் பாக்கெட்டாக விற்கும் பெண். தண்டையார்பேட்டையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவள், முப்பது வயதுகூட இருக்காது. புருஷன் சவுதிக்குப் போகிறேன் என்று போனவன், எந்த ஊருக்குப் போனான் என்றே தெரியவில்லை. கையில் ஒரு பெண் குழந்தை. அவளுக்கு மார்க்கெட்டில் இடம் கிடையாது. யார் வரவில்லையோ அன்றைக்கு அவர்கள் இடத்தில் உட்காருவாள், ஓரமாகத் தன் பூண்டுப் பாக்கெட்டையும் வைத்துக்கொள்வாள். யாரும் விடுப்பெடுக்காத நாளில் கூடையோடு தெருத்தெருவாக நடப்பாள். அடுத்தவர்களின் காய்ச்சலில்தான் அவளுக்கு நிழல் கிடைத்தது. இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

அவளோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஒருநாள் கீரைக்கார அம்மா இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு வழக்கம்போல் கொசுறுக் கறிவேப்பிலைக்காகப் பையைத் திறந்து நின்றேன். அவள் தரவில்லை. குவியலாக எதிரே கிடக்கிறது, ஒரு இணுக்குத் தர மனம் வரவில்லையா என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரம் கீரைக்கார அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு அந்தப் பொண்ணாண்ட சவுண்டு வுட்ட? கொசுறு போடறது பொருளுக்குச் சொந்தக்காரி கை. காவலுக்குக் குந்தினவ அள்ளிப் போடக் கூடாது. போட்டா நாளைக்கு அவ எடத்துக்கும் சொந்தக்காரி ஆயிடுவா. அது தெரிஞ்சுதான் அவ கைய கட்டிக்கினு குந்தியிருந்தா."

வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். எந்தக் கடையாக இருந்தாலும் கொசுறு வருகிறதா இல்லையா என்று பார்த்தாலே, உட்கார்ந்திருப்பது உரியவளா காவலாளா என்று சொல்லிவிடுவேன். அவ்வளவு தெரிந்த நான்தான் அந்தச் சனிக்கிழமை அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அதற்கு ஒரு வாரம் முன்பு அக்கா வீட்டுக்காரருக்குக் காலில் ஏதோ குத்தியது. சேற்றில் கம்பி. அவருக்குச் சர்க்கரை இருந்தது, அது அவருக்கே தெரியாது. புண்ணுக்கு மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கியிருக்கிறார். காய்ச்சல் வந்து நினைவு தப்பின பிறகு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அங்கேயே வராந்தாவில் கிடந்தாள். இங்கே கீரைக்கார அம்மா சாக்கை விரித்தாள், ஆளுக்கொரு கூறு வைத்தார்கள், பூண்டுக்காரப் பெண் உட்கார்ந்தாள். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில்தான் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்கிறார்கள். பதிவானவர்களுக்கு அட்டை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மேடை போட்டுக் கூரை போட்டுப் புது மார்க்கெட் வருகிறது, அட்டை உள்ளவருக்கு அங்கே ஒரு மேடை. அதன்பிறகு தெருவில் யாரும் உட்காரக் கூடாது. பத்து மணிக்குக் கார்ப்பரேஷனிலிருந்து மூன்று பேர் ஃபாரக் கட்டோடு வந்துவிட்டார்கள். அக்காவுக்குப் போன் போட்டோம். அணைந்திருந்தது.

எங்கள் பக்கத்துக்கு வந்தவர் வயதானவர், வெயிலில் துவண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வியாபாரிகளில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது, அவர் கேட்டுக் கேட்டு எழுதிக் கை ஓய்ந்திருந்தார். நான் பேனாவை எடுத்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எடுத்தேன். "கொடுங்க சார், நான் எழுதித் தர்றேன்" என்றேன். கீரைக்கார அம்மாவுக்கு எழுதினேன், எலுமிச்சம்பழம் விற்கிற பாய்க்கு எழுதினேன், என் கையெழுத்தைப் பார்த்து அவர் "முத்து முத்தா இருக்கும்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அக்கா இடத்துக்கு வந்தோம். அவர் பூண்டுக்காரப் பெண்ணைப் பார்த்து, "இது யார் இடம்?" என்று கேட்டார்.

"நம்ம இடம்தான் சார்" என்றாள் அவள். பழகிப்போன பதில்.

அவர் ஃபாரத்தை என் கையில் கொடுத்துவிட்டு எதிர்க்கடைக்குச் சோடா குடிக்கப் போனார். நானும் கீரைக்கார அம்மாவும் அந்தப் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சற்று முன்புதான், எங்கள் வரிசையின் கோடியில் ஒரு காலிச் சாக்கைப் பார்த்துவிட்டு அவர் சொல்லியிருந்தார்: இல்லாதவர்களை விட்டுவிடுங்கள், அவர்களுக்காக அடுத்த சனிக்கிழமை இன்னொரு தரம் வருவோம் என்று. எங்கள் மூன்று பேர் காதிலும் அது விழுந்திருந்தது.

"அக்கா வந்தப்பறம் எழுதிக்கலாமே டீச்சரம்மா" என்றாள் பூண்டுக்காரப் பெண். "அதான் வர்ற வாரமும் வர்றாங்களாமே."

கீரைக்கார அம்மா என்னைத்தான் பார்த்தாள். "நீ படிச்சவ. இன்னா பண்ணலாம், சொல்லு."

நான் சொன்ன வார்த்தைகள் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. "அடுத்த வாரம் வருவோம்னு சொல்றவங்க வருவாங்களா? காலி இடம்னு போயிட்டா போனதுதான். முதல்ல இடத்தைப் பதிவு பண்ணிடுவோம். பேரை அப்புறம் மாத்திக்கலாம். பேர் மாத்துறது ஒரு விஷயமா? நான் தினமும் பண்ற வேலை."

அது பொய்யில்லை. பள்ளிக்கூடத்தில் தினமும் யாராவது பெயர் திருத்த வருவார்கள். ஒரு எழுத்து மாறியிருக்கும், அப்பா பெயர் விட்டுப்போயிருக்கும். சிவப்பு மையில் அடித்து எழுதி, தலைமையாசிரியரிடம் சுருக்கொப்பம் வாங்கினால் முடிந்தது. உலகத்தில் இருக்கிற எல்லாப் பதிவேடும் என் மேஜை மேல் இருக்கிற பதிவேடு போலத்தான் என்று நினைத்துவிட்டேன்.

அந்தப் பெண் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு, உனக்கென்ன தெரியும்" என்றேன். அவள் சும்மா இருந்தாள். பெயர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன், உட்கார்ந்திருப்பவளின் ஆதார் எண்தானே வேண்டும். எத்தனை வருடமாக என்ற இடத்துக்கு வந்தபோது, கீரைக்கார அம்மா அக்காவை நினைத்துக்கொண்டு, "இருவத்தஞ்சு" என்றாள். எழுதினேன். பொருள் என்ற இடத்தில், எதிரே பூண்டு இருந்ததால், பூண்டு என்று எழுதினேன். அந்தப் பெரியவர் வந்து ஏப்பம் விட்டபடி படம் எடுத்தார், கட்டை விரலைப் பதிய வைத்தார். முப்பது வயது நிரம்பாத ஒருத்தி எப்படி இருபத்தைந்து வருடமாக வியாபாரம் செய்வாள் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் அது உறைக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரை எழுப்பி, இன்றைக்கு எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தேன் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை சொன்னபடியே வந்தார்கள். போன வாரம் இல்லாதவர்களுக்கு மட்டும் எழுதினார்கள். அக்கா முந்தின நாளே திரும்பி வந்திருந்தாள். தன் சாக்கில் உட்கார்ந்திருந்தாள். எழுத வந்தவர் பட்டியலைப் புரட்டி, "இந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். திருத்தம் என்றால் கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போங்கள் என்றார். நான் அப்போதும் கலங்கவில்லை. பத்து நிமிட வேலை என்றேன்.

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மூன்று முறை அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ரேஷன் கார்டு, ஆதார், எப்போதோ உட்காருகிற தரைக்குக் காசு வசூலித்துப் பெயர் எழுதாமல் கொடுத்த பழுப்பேறிய சீட்டுகள், எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவாள். முதல் தரம் ஆள் இல்லை. இரண்டாம் தரம் மனுவை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் தரம் உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். என் மனுவையும் பழைய ஃபாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே?"

"ஆமா சார். நான்தான் எழுதினேன்."

"நீங்க வியாபாரியா?"

"இல்ல சார். காய் வாங்க வர்றவ."

"அப்ப நீங்களே இருபத்தஞ்சு வருஷம்னு எழுதிட்டு, நீங்களே அது தப்புன்னு மனு கொடுக்கறீங்க."

நான் மார்க்கெட்டின் வழக்கத்தை விளக்கினேன். ஆள் வைப்பது, காவல், நம்ம இடம்தான் என்று சொல்வது. சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதை போல ஒலித்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவளாக விட்டுக்கொடுத்தாலும் அட்டை வேறு பெயருக்கு மாறாது, ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றார். அந்தப் பூண்டுக்காரப் பெண் பொய்த் தகவல் கொடுத்து அட்டை வாங்கினாள் என்று அக்கா எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதன்மேல் விசாரணை வரும், போலீசுக்கும் போகும். பொய் என்று முடிவானால் அவள் பதிவு ரத்தாகும், இனி எங்கேயும் அவளுக்குப் பதிவு கிடைக்காது. அப்புறம் அக்கா பெயரைப் பரிசீலிக்கலாம். ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அக்கா அந்தத் தாளைத் தொடவில்லை.

"வேணாம் சார்" என்றாள்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்து நிறுத்தினேன். யோசித்துச் சொல் அக்கா, வீட்டுக்காரர் இனிமேல் தண்ணீரில் இறங்க முடியாது, உனக்கு இருக்கிறது இந்த இடம் ஒன்றுதான் என்றேன். அவள் மஞ்சள் பையின் வாயை முறுக்கிக் கட்டிக்கொண்டே பேசினாள்.

"அவ எஞ்சாக்குல குந்திகினு எனக்காவ பொய் சொன்னாம்மா. நான் சொல்லித் தந்த பொய்யி. அத்த காட்டி அவள போலீசாண்ட இஸ்துகினு போவச் சொல்றியா? நாளைக்கு இன்னொருத்தி ஆசுபத்திரில கெடந்தா எவ வந்து குந்துவா?"

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. விசாரணை என்று வந்தால் என் கையெழுத்தும் சேர்ந்துதான் வரும், என் வேலைக்கும் ஆபத்து என்று, அவர் போலீஸ் என்றபோதே கணக்குப் போட்டிருந்தேன். அவள் வேண்டாம் என்றதும் மூச்சு வந்தது. அதற்கப்புறம்தான் வெட்கம் வந்தது. வரிசையை மாற்றிச் சொல்ல ஆசைதான், ஆனால் நடந்தது இப்படித்தான்.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இறாலை மோந்து பார்த்ததற்கே அத்தனை பேச்சுப் பேசியவள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உன் மேல தப்பு இல்ல டீச்சரம்மா, நல்லதுக்குத்தான் பண்ண" என்றாள். அதைக் கேட்பதற்கு அவள் என்னை அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

புது மார்க்கெட் திறந்தது. சிமெண்டு மேடைகள், தகரக் கூரை, ஒவ்வொரு மேடைக்கும் நீலப் பெயிண்டில் எண். பூண்டுக்காரப் பெண்ணுக்குக் காய்கறி வரிசையில் கீரைக்கார அம்மாவுக்குப் பக்கத்திலேயே மேடை. முதல் நாளே அவள் அக்காவின் பழைய சாக்கைக் கொண்டுவந்து தன் மேடையில் விரித்தாள். "இது உங்க இடம்க்கா. நீங்க குந்துங்க, நான் ஓரமா இருக்கேன்" என்றாள். அக்கா காசிமேட்டில் வாங்கின நெத்திலியோடு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். காய்கறி வரிசையில் மீன் விற்கக் கூடாது. ஒரு அட்டைக்கு ஒரு ஆள்தான். எதிர்த்துப் பேசினால் அட்டையே ரத்து. பூண்டுக்காரப் பெண் அழுதாள். அக்கா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அப்புறம் பழைய தெருவில் கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு முறை கார்ப்பரேஷன் ஆட்கள் கூடையை மீனோடு லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டாம் முறை தராசும் போய்விட்டது. அதன்பிறகு அவளை நான் பல மாதம் பார்க்கவில்லை. பூண்டுக்காரப் பெண்ணிடம் கேட்டால், அக்கா வீட்டுக்காரர் திடமாக இருக்கிறார், கட்டைக்கால் வைத்திருக்கிறார்கள் என்பாள், என் கண்ணைப் பார்க்க மாட்டாள். நானும் அவள் கண்ணைப் பார்க்க மாட்டேன். அவள் மேடையில் பூண்டு வாங்குவேன். அவள் இப்போது கை நிறையக் கொசுறு போடுகிறாள். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது கீரைக்கார அம்மா இல்லை. மாத்தூரில் யாரோ சொந்தத்தில் சாவு. அவள் மேடையில் மீன்கார அக்கா உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பக்கத்து மேடையிலிருந்து பூண்டுக்காரப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, சட்டென்று குனிந்து பூண்டு உரிக்கத் தொடங்கினாள். எனக்குப் புரிய நேரமாகவில்லை. யார் வரவில்லையோ அவர்கள் மேடையில் இப்போது அக்கா உட்காருகிறாள். மேற்பார்வையாளர் வந்து கேட்டால் "எடத்துக்காரம்மா டீ குடிக்கப் பூட்டாங்க சார், இதோ வந்துருவாங்க" என்று சொல்ல வேண்டும். நம்ம இடம்தான் என்று சொல்லும் உரிமையும் அந்த வேலையிலிருந்து போய்விட்டது.

"இன்னா டீச்சரம்மா, நல்லா கீறியா?" என்றாள்.

"இருக்கேன்க்கா. நீ எப்படி இருக்க?"

"கீறேன். இன்னா வோணும், சிறுகீரையா, அரைக்கீரையா? எது எதுன்னு நீயே பாத்து எட்த்துக்கோ. மீனுன்னா கண்ண மூடிக்கினு சொல்லுவேன். இது எனுக்குப் பயக்கமில்ல."

இரண்டு கட்டு எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை உதறிப் பழுப்பைக் கிள்ளிவிட்டு என் பைக்குள் வைத்தாள். கறிவேப்பிலை அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது. சத்தியமாக நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. எட்டு வருடப் பழக்கம், கை தானாக அப்படியே நின்றுவிட்டது. பை திறந்தபடி அவளுக்கு நேராக இருந்தது.

அவள் பையைப் பார்த்தாள். கை கறிவேப்பிலைப் பக்கம் பாதி தூரம் போனது. அப்புறம் வெறுங்கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பைய மூடும்மா" என்றாள் மெதுவாக. "இது என்னுது இல்லியே."

நான் பையை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.